சரிவில் நட்ட கல்யாண மரங்கள்

தம்பி,

நேற்று நீ தொலைபேசியை வைத்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி கழுவினேன். வாசலுக்குப் போனேன், பனி இறங்குவதைப் பார்த்தேன், எதற்காகப் போனேன் என்று தெரியாமல் உள்ளே வந்தேன். "கல்யாண வேலைய நெனச்சு இப்பவே ஓடாத, கொஞ்சம் உக்காருலா" என்றார் உன் அப்பா. கல்யாண வேலை இல்லை தம்பி, நீ சொன்ன ஒரு விஷயம்தான். "தாலி கட்டி முடிஞ்சதும் நானும் தேவிகாவும் ஒரு மரம் நடப் போறோம்மா. உங்க ஆசிரியர் ஐயா செஞ்ச மாதிரியே. எங்க ரெண்டு பேரையும் போட்டு ஒரு பலகையும் வைக்கிறோம். நீங்க தெனம் பாக்குற மாதிரி நம்ம வீட்டுக்கு எதிர்லயே." நான் "நல்லதுப்பா" என்றேன். என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியரைப் பற்றி நான் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நீ. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில்கூட அவரைப் பற்றித்தான் பேசினாய். நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் சரிவு முழுக்கப் பச்சை பிடித்தது என்ற இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு நடந்தது உன் சின்னம்மாவின் வாழ்க்கை. அவள் சிரித்துக்கொண்டு உனக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படி எடுப்பது? இன்று காலை அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா. அவனுக்கும் தெரியட்டும், வரப்போற பொண்ணுக்கும் தெரியட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்பது உனக்கே தெரியும். ஆசிரியரின் மரங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரிங்லெட்டுக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தவள் நான். எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூரில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, அந்த லயத்தில் அப்படி ஒன்றை வாங்கி வந்த முதல் ஆள் நான்தான். "டாக்டருக்கா படிச்ச?" என்று கேட்டார்கள். இல்லை. "டீச்சருக்கு?" அதுவும் இல்லை. "பின்ன என்னத்துக்குலா அம்புட்டு வருஷம்?" யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். என் தங்கை சாந்தி, உன் சின்னம்மா, அப்படி இல்லை. நான் படித்த வருஷங்களில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனவள் அவள். வந்தவர்களுக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள். "எங்கக்கா யோசிக்கப் படிச்சிருக்கு. நீங்களும் நானும் யோசிக்காம இருக்கோம்ல, அதுக்கும் சேத்து."

அப்பா என்னைத் தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப் போனார். மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு வாரப் பத்திரிகையின் அலுவலகம். அங்கே மேசை, நாற்காலி, சன்னல் ஓரம் என்று எல்லா இடத்திலும் பால் டின்கள் இருந்தன. கோப்பிக் கடைகளில் காலியாகிப் போகும் பால் டின்களில் மண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கன்று வைத்திருந்தார் ஆசிரியர். உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மை ஒழுகிய கறை. "பிள்ள பட்டம் வாங்கியிருக்கு சார். ஆனா வாயத் தொறக்காது" என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்பது போல. ஆசிரியர் என்னைப் பார்க்காமல் ஒரு டின்னைத் திருப்பி வெயில் படும்படி வைத்தார். "வாய் எனக்கே ரெண்டு பேருக்கு ஆகுற அளவு இருக்கு. இந்த ரூம்ல நீ என்ன பாத்த? அத எழுதிக் குடும்மா" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது டின்னில் இருக்கும் கன்று செத்துவிட்டது, அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அவர் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

அவர் தாப்பா பக்கத்துக் கித்தா தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டும் வீட்டில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி வாத்தியாராக மலைக்கு வந்து, பள்ளிக்கூரை ஒழுகுவதைப் பற்றி எழுத ஒரு பத்திரிகையும் இல்லை என்று தானே ஒன்றைத் தொடங்கினார். வேலையை விட்டுவிட்டுத்தான் தொடங்கினார். முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கும் லோரியில் நாங்கள் எழுதியது போகும், அங்கே அச்சாகும், திரும்பி வரும் லோரியில் கட்டுகளாக வந்து சேரும். எங்கள் பத்திரிகையைப் பிரித்தாலே முட்டைக்கோசு வாடை அடிக்கும். குடியுரிமைக்கான நீல ஐசி அட்டை கிடைக்காதவர்கள், வேலை முடிந்ததும் லயத்தை விட்டுக் கிளம்பச் சொல்லப்பட்டவர்கள், எல்லாரும் அந்த மாடிப்படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகவே தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் வைபி. சட்டமன்றத்துக்குப் போகிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். நான் மட்டும் ஐயா என்றே கூப்பிட்டேன். மனைவியை இழந்தவர் என்பதற்கு மேல் அவருடைய வீட்டைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

மரம் நடுவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். எங்களைச் சுற்றிக் காடுதானே. கோப்பிக் கடையில் ஒருவர் கேட்டே விட்டார். "வைபி, கடலுக்குள்ள நின்னுகிட்டு தண்ணி ஊத்தச் சொல்றீங்களே?" ஆசிரியர் கோபப்படவில்லை. "அந்தக் காடு யாருது?" என்று கேட்டார். "கவர்மெண்டுது." "இந்தத் தேயில?" "கம்பெனிது." "உங்க தாத்தா நட்டாரு, உங்கப்பா நட்டாரு, நீ கவாத்து பண்ற. உன்னுதுன்னு ஒரு செடியக் காட்டு, நான் போறேன்." அந்த மனுஷன் மிச்சக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனான். உண்மை அதுதான். லயத்துக்குப் பின்னால் கீரை போடலாம், மிளகாய் போடலாம். மரம் நடக் கூடாது. கீரையை ஒரு மாசத்தில் பிடுங்கிவிடலாம். மரம் வேர் விட்டுவிட்டால், நட்டவனும் இது என் இடம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்று நிர்வாகத்துக்குப் பயம்.

எங்கள் தோட்டத்தில் மாரியாத்தா கோயிலுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போகிற பாதையை ஒட்டி, ஒரு மொட்டைச் சரிவு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது பாதையோடு சரிந்து கீழே இருந்த மாட்டுக் கொட்டிலை மூடிவிட்டது. ஆசிரியர் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையைப் போய்ப் பார்த்தார். மரம் வைத்தால் மண் நிற்கும், உங்களுக்குச் செலவில்லை என்றார். துரை ஒத்துக்கொண்டார். ஆனால் யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்லக் கூடாது என்றார். ஆசிரியர் தலையாட்டிவிட்டு வந்தார். படியிறங்கும்போதே என்னிடம், "நாம சொல்ல வேணாம்மா. தகரம் சொல்லட்டும்" என்றார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் குத்திக் குத்தி நட்டவர்கள் பெயரும் மரத்தின் பெயரும் எழுதி, ஒவ்வொரு மரத்திலும் கட்டும் யோசனை அப்படி வந்தது. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்களிடம் ஒரே நிபந்தனைதான் போடுவார். எனக்கு மாலை வேண்டாம், சால்வை வேண்டாம், மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தச் சரிவில் ஒரு மரம் நட்டால் வருகிறேன். அவர்கள் கன்றோடு நிற்கும் படம் எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரி: "இம்மரம் தழைப்பது போல் இவர்கள் இல்லறமும் தழைக்கும்." வாராவாரம் வேண்டியிருந்ததால் அச்சகத்தில் அந்த வரியின் எழுத்துகளை மட்டும் கலைக்காமல் நூல் கட்டித் தனியாக வைத்திருந்தார்கள். பெயர்தான் மாறும், வரி மாறாது.

இதை எழுதும்போதே எழுந்து போய் எதிர்வீட்டு வேலிப்பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன். நீ மரம் நடப்போவதாகச் சொன்ன இடம் அதுதானே. அடுப்படி சன்னலில் இருந்தும் தெரியும், என் படுக்கையிலிருந்தும் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உன் சின்னம்மாவுக்குக் கல்யாணம் ஆனது. மூத்தவள் நான் இருக்க அவளுக்கு முதலில் என்று அம்மா ஒரு வாரம் அழுதாள். உன் சித்தப்பா அப்போது தோட்டத்து லோரி ஓட்டினார். அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா ராஜம்மாள் கொழுந்து பறிப்பதில் பேர் போனவள், பேசுவதிலும் அப்படித்தான். எல்லாரும் சரிவில் கொய்யாவோ நாவலோ சவுக்கோ நட்டபோது ராஜம்மாள் மட்டும், "எங்க வீட்டு மருமக வேப்பமரந்தான் நடணும். மாரியாத்தா இருக்கிற மரம்" என்று சொல்லி, மலைக்குக் கீழே பீடோரிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒரு வேப்பங்கன்றைக் கொண்டுவந்தாள். கீழ்நாட்டில் வேம்பு கொழிக்கும். எங்கள் மலையின் பனிக்கும் குளிருக்கும் அது ஆகாது. அது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆத்தாளின் மரம் ஆத்தாள் கோயிலுக்குக் கீழே நிற்காமல் எங்கே நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். படம் வந்தது, வரியும் வந்தது. ராஜம்மாளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அந்த வரியை மட்டும் ஒருவரை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

அந்த வருஷக் கடைசி மழையில் வேம்பு இலை கறுத்து உதிர்ந்தது. சரிவு இருப்பது எல்லாரும் தினமும் கூடையோடு போகும் பாதையில். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்வை அங்கே போகும். கொட்டகையில் வரிசையில் நிற்கும்போது ராஜம்மாள் பேச ஆரம்பித்தாள். "எல்லாரு மரமும் நிக்குது, எங்க வீட்டுது மட்டும் குச்சியா நிக்குது. வந்தவ கால் அப்பிடி." சாந்திக்கு அப்போது வயிற்றில் பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பேச்சும் இந்தப் பேச்சோடு சேர்ந்துகொண்டது. ஒருநாள் மத்தியானம் நான் லயத்துக்கு வந்திருந்தேன். சாந்தி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். என்னடி என்றேன். "அனுப்பிச்சிட்டாங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வேற நல்ல மரமா பாத்து நட்டுக்கணுமாம்கா. மகனுக்கு." உன் சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "லோரி கழுவிகிட்டு இருந்தாரு."

ராஜம்மாளிடம் அம்மா நியாயம் கேட்கப் போனாள், நானும் பின்னால் போனேன். "நானா சொல்றேன்? உம் மக வேல செய்ற பேப்பரே சொல்லுது!" என்றாள் ராஜம்மாள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "தழைப்பது போல் தழைக்கும்னு போட்டிருக்கா இல்லியா? தழைக்கலன்னா? படிச்ச பொண்ணுதானே, சொல்லு." நான் அந்த வரியையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது சரிவில் உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் அந்த மரங்களைச் செய்திக்காக இல்லாமல் பார்த்தேன். ஒரு தகரத்தில் கொய்யா என்று இருந்தது, நின்றது நாவல். இன்னொன்றில் பழைய துருப்பிடித்த தகரம், ஆனால் அதைத் தாங்கியது நேற்று நட்டது போல் ஒரு பிஞ்சுக் கன்று. யாரோ ஒரு பெண் கீழே இருந்து பால் டின்னோடு ஏறி வந்தாள், என்னைப் பார்த்ததும் டின்னை முந்தானையில் மறைத்தாள். "அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்க மாமியா கண்ணுல படறதுக்குள்ள மாத்திட்டுப் போயிடறேன்" என்றாள். எத்தனை வீட்டில் இப்படி நடந்திருக்கும் என்று மற்ற தகரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். மண்ணைப் பிடிக்க நட்ட மரங்களின் அடியில் எங்கள் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. அலுவலகம் முழுக்கக் கட்சி ஆட்கள், சுவர் முழுக்க அவர் ஒரு கன்றைப் பிடித்தபடி நிற்கும் சுவரொட்டி. எழுதிக் கொடுக்கலாம் என்று காகிதத்தை எடுப்பேன், கிழிப்பேன். சாந்தி அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு யார் வாசலில் நடந்தாலும் எட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் காலை, கூட்டமாக எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் எழுந்து நின்றேன். "ஐயா, உங்க மரத்தால என் தங்கச்சி வாழாம வீட்டுக்கு வந்துட்டா" என்றேன். தோசை பிட்ட கைகள் அப்படியே நின்றன. ஒரு கட்சிக்காரர் சிரித்தார். "மரம் பட்டுப்போனா வைபி என்னம்மா பண்ணுவாரு? உரமா போடுவாரு?"

ஆசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் கோபம் வந்தது. "அது அவங்க மூட நம்பிக்கை. நான் எங்கயாச்சும் அப்படி எழுதியிருக்கேனா?" என்றார். நான் போன வாரத்து இதழை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தேன். "அது வாழ்த்தும்மா." "படிக்கிறவங்களுக்கு அப்படித் தெரியல ஐயா. சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க. நெறைய பொண்ணுங்க செத்த கன்ன எடுத்துட்டு வேற கன்னு வைக்கிறாங்க, திருட்டுத்தனமா." அவர் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து, "நானே வந்து அந்த வீட்டுக்கு ஒரு நல்ல கன்னு வச்சுக் குடுக்கறேன். சரியாயிடும்" என்றார். அடுத்த கன்றும் செத்தால் என்று கேட்க நினைத்தேன். அன்றைக்கு இருந்த தைரியம் அதோடு தீர்ந்துவிட்டது.

மறுநாள் அவர் வந்தார். காரின் பின்பக்கத்தில் நாவல் கன்று. ராஜம்மாளைச் சரிவுக்கே வரச் சொன்னார்கள். வேலை விட்டுத் திரும்புகிற நேரம், பாதை முழுக்கப் பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். சாந்தி எனக்குப் பின்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு. ராஜம்மாள் கன்றைப் பார்த்தாள், வாங்கவில்லை. "எங்க வீட்டுக்கு மட்டும் வைபி கையால வந்தா எப்பிடி? போன மாசம் மேல்லயத்துல ஒன்னு பட்டுப்போச்சு, அந்தப் புள்ளைக்கும் அடி விழுந்துச்சு. அதுக்கு யாரு குடுப்பா? மரம் வச்சவரே வந்து மாத்தி வச்சா அது பொய் மரம் இல்லியா?" என்றாள். கூட்டத்தில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியர் அதைப் பார்த்தார். நான் சொன்னபோது நம்பாததை அந்தத் தலைகுனிவில் நம்பினார் என்று நினைக்கிறேன்.

கன்றைக் கீழே வைத்தார். விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு சாதாரணக் குரலில், யாரிடமோ வழி சொல்வது போல் சொன்னார். "என் கல்யாணத்துக்கு நாங்களும் வேம்புதாம்மா நட்டோம். எங்க கித்தா தோட்டத்துல, கெணத்தடியில. அந்த வரிய அன்னிக்குத்தான் எழுதினேன், அவளுக்காக. அந்த மரம் இன்னிக்கும் நிக்குது. ரெண்டு ஆளு சேந்து கட்டிப்பிடிக்கணும், அவ்வளவு பருமன். அவ மொதப் பிரசவத்துலயே போயிட்டா. புள்ளையும் போயிருச்சு." காலடியில் இருந்த கன்றைப் பார்த்தார். "மரம் ஒரு இலைகூட வாடல ராஜம்மா" என்றார்.

ராஜம்மாளின் முகத்தில் இருந்த கடுகடுப்பு போய்விட்டது. ஆனால் அவள் விடுகிறவள் இல்லை. "அப்பறம் ஏன் சாமி அதையே எல்லாருக்கும் போட்டீங்க?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுவது போல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். "தெரியலம்மா" என்றார் ஆசிரியர். "வேற வரி எனக்கு வரல."

அதற்குப் பிறகு அவர் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைக் குறடு கொண்டுவரச் சொல்லி, சரிவில் ஏறி, முதல் மரத்திலிருந்து தகரத்தைக் கழற்றினார். அடுத்ததை, அதற்கடுத்ததை. கூட்டத்தில் ஆண்கள் சத்தம் போட்டார்கள். வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் ஏறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "வைபி, எங்க பேர எடுத்தா அப்பறம் துரை பேருதான் மிச்சம். நீங்க சொன்னதுதானே?" நியாயமான கேள்வி. அந்தத் தகரங்கள் எங்களுக்கிருந்த ஒரே அத்தாட்சி. ஓட்டு கேட்கப்போகிற நேரத்தில் ஜனங்களின் பெயரை அவர்கள் கண்ணெதிரிலேயே பிடுங்குகிற வேட்பாளரை நான் பார்த்ததில்லை. கட்சிக்காரர் காருக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து நின்றார். ஆசிரியர் மண்டோரிடம், "பேரு எங்கயும் போகாதுய்யா. மரத்துல இருக்க வேணாம், அவ்வளவுதான்" என்றார். கழற்றிய தகரங்களை எல்லாம் ஒரு நீளப் பலகையில் ஒன்றாக அடித்து, சரிவின் உச்சியில் கோயில் சுவரில் மாட்டினார்கள். இந்தச் சரிவை நட்டவர்கள் என்று மேலே எழுதினார்கள். யார் நட்டார்கள் என்று துரையும் பார்க்கலாம். யார் மரம் எது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் அச்சகத்துக்குப் போன கட்டில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தார். நூல் கட்டி வைத்திருக்கும் வரியைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிடவும் என்று. கல்யாணப் படங்களுக்குக் கீழே அதன் பிறகு பெயர்கள் மட்டும்தான் வந்தன. தேர்தலில் தோற்றார். பல காரணம் சொன்னார்கள், எங்கள் பக்கத்தில் மட்டும் "தகரத்தால தோத்தவர்" என்று கேலி பேசினார்கள். அவர் காதுபடவே பேசினார்கள். "தகரத்தயாவது பேரிச்சம்பழத்துக்குப் போடலாம், தோத்தவன அதுக்கும் போட முடியாதுலா" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த எண்பதுகள் முடியும்வரை பத்திரிகையை நடத்தினார், கன்று கொடுத்தார். கடைசி வருஷங்களில் கண் மங்கிப்போய், இலையைத் தடவித்தான் எந்தக் கன்று என்று சொல்வார். அவர் போனபிறகு சரிவில் இருந்த பெரிய நாவலில் அவர் பெயரைப் பொறிக்கலாம் என்று ஒரு கூட்டம் கூடிப் பேசியது. அங்கே நான் இரண்டாவது முறையாக எழுந்து நின்றேன். வேண்டாம் என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் பொறிக்கவில்லை.

சாந்தியைக் கூட்டிப்போக ராஜம்மாள் ஒருநாள் வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சோத்துக்கு ஒல வச்சிட்டு வந்திருக்கேன், கெளம்பு" என்றாள். உன் சின்னம்மா நகரவில்லை. "ஒங்க மகன் லோரி கழுவி முடிச்சாச்சா அத்தை? அவரு வாயால கூப்பிடட்டும், வரேன்" என்றாள். மறுநாள் உன் சித்தப்பா வந்தார். வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டு, கடைசியில் "வா சாந்தி" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். போனாள். பிறகு அவளுக்கு உன் அண்ணன்மார் பிறந்தார்கள், அது உனக்குத் தெரிந்த கதை. அதில் எந்த மரத்துக்கும் பங்கு இல்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன் தம்பி. நீங்கள் ராஜம்மாள் காலத்து ஆட்கள் இல்லை என்பாய். தேவிகா இன்ஜினியர் என்பாய். எனக்குத் தெரியும். நான் பயப்படுவது அவளைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. பார்ப்பதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்று சொன்னேனே. அந்தப் பழக்கம் போகவில்லை. செத்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை முதல் நாளே கண்டுபிடித்த கண் இது. பெயர் போட்ட மரத்தை வீட்டுக்கு எதிரே நட்டால் நான் தினமும் பார்ப்பேன். ஒரு இலை பழுத்தால் எனக்குள் ஏதோ ஒன்று அசையும். அன்றைக்கு தேவிகா முகம் கொடுத்துப் பேசாமல் போயிருந்தால், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். வேண்டாம் என்று என் படிப்பு சொல்லும். ஆனால் பார்ப்பேன். ராஜம்மாள் கெட்டவள் இல்லை தம்பி. அவள் கடைசிக் காலத்தில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியது சாந்திதான், வேறு யாரையும் அவள் கிட்டே விடவில்லை. அவளும் தினமும் அந்தப் பாதையில் நடந்தவள், அவ்வளவுதான்.

அதற்காக மரம் நடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சரிவுக்கு ஒருதரம் தேவிகாவைக் கூட்டிப் போ. எத்தனையோ மழைக்குப் பிறகும் மண் ஒரு பிடி இறங்கவில்லை. பாதையில் நிழல் விழுகிறது. பலகையில் இருக்கும் பெயர்களை அவளுக்கு வாசித்துக் காட்டு, சாந்தி பேரும் இருக்கும். மரங்களில் எது யாருடையது என்று அவள் கேட்டால், தெரியாது என்று சொல், அது உண்மை. பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து எங்காவது ஒன்று நடுங்கள். அங்கேயே நட்டாலும் சரி, நீங்கள் குடியிருக்கப்போகும் ஊரில் நட்டாலும் சரி. குளிருக்கு எது தாங்கும் என்று விசாரித்து நடுங்கள். பலகை வேண்டாம். எங்கே, எந்த மரம் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே. நான் கேட்பேன். கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. அவள் இந்த வாசலில் வந்து நிற்கும்போது, எனக்குப் பார்ப்பதற்கு அவள் முகம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அம்மா